மாறுவேடத்திற்கேற்ற ஊர்தி

மாறுவேடம் பூணுதல் மிகப் பழைய கலைகளுள் ஒன்று. மன்னர் தம் நகரின் நிலையறியப் பூண்டனர்; ஒற்றர் பகைவர் நாட்டிற் புகப் பூண்டனர்; கள்வர் காவலரை ஏய்க்கப் பூண்டனர். நோக்கம் பலவாயினும் வேடத்தின் சிறப்பை அளக்குங் கோல் ஒன்றே. கண்டவன் மீண்டுமொருமுறை திரும்பி நோக்குவானாயின் அவ்வேடம் பழுதுபட்டது. நோக்காது தன் வழியே செல்வானாயின் அது வென்றது. திருவள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் ஒற்றனுக்கு வேண்டுவனவற்றை ஒரு குறளில் எண்ணும்போது, காண்பார் ஐயுறாத உருவத்தையே முதற்கண் வைத்தார். அஞ்சாமையையும் மறை காத்தலையும் அதன் பின்னரே வைத்தார். அழகிய உருவம் என்றாரல்லர்; வலிய உருவம் என்றாருமல்லர். ஐயுறாத உருவம் என்றதோடு அமைந்தார். இக்கட்டுரை முழுவதும் அவ்வொரு கருத்தின் விரிவே என்று கொள்ளினும் பொருந்தும்.

இதற்கு இராமகாதை இரண்டு சான்றுகள் தருகின்றது. மாரீசன் பொன்மானாய் வந்தான். பொன்னாலாகிய மான் உலகில் இன்மையின், இலக்குவன் கண்டவுடனே ஐயுற்றான். இராவணனோ தவசியாய் வந்தான். வனத்தில் தவசியர் வருதல் வியப்பன்று. ஆதலின் சீதை அவனை வரவேற்று உபசரித்தாள். விவிலியத்தில் யோசுவாவின் ஆகமத்தில் வரும் கிபியோனியர் இவ்விருவரினும் இக்கலையில் வல்லவர். அருகிலுள்ள ஊரினராகிய அவர், தொலைநாட்டினர்போல நடித்து உடன்படிக்கை பெற விழைந்தனர். அதன்பொருட்டுப் புத்தாடை உடுத்து வந்தாரல்லர். கிழிந்து தைத்த துருத்திகளையும், ஒட்டுப்போட்ட செருப்புக்களையும், உலர்ந்து பூசணம் பிடித்த அப்பங்களையும் உடன் கொண்டுவந்தனர். வேடத்திற்கு உயிர் கொடுப்பது பளபளப்பன்று, தேய்மானமே என்பதை அவர் நன்கறிந்திருந்தனர்.

நிற்க. பழங்கதைகளில் மனிதர் மனிதராகவும் விலங்காகவும் வேடம் பூண்டனர். இக்காலத் திரைப்படங்களிலோ இயந்திரமனிதர் வண்டிகளாக வேடம் பூணுகின்றனர். வேறோர் உலகினின்றும் வந்த இயந்திரமனிதர் இரு கட்சியினராய்ப் பிரிந்து போரிடுகின்றனர். பூமியிலுள்ளோர் கண்ணிற் படாதிருத்தற்பொருட்டு நம் வீதிகளில் ஓடும் கார்களாகவும் லாரிகளாகவும் உருமாறி நிற்கின்றனர். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்னும் கதையின் சாரம் இதுவே. ஜப்பானிய நிறுவனமாகிய டகாரா செய்துவந்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்க நிறுவனமாகிய ஹாஸ்ப்ரோ பெற்று, அவற்றிற்குப் பெயரும் குணமும் கதையும் அமைத்து, 1984ஆம் ஆண்டில் விற்பனைக்கு விட்டது. அவ்வாண்டிலேயே தொலைக்காட்சியில் கேலிச்சித்திரத் தொடராகவும் அக்கதை வந்தது. பின்னர் 2007ஆம் ஆண்டில் மைக்கேல் பே என்பார் அதனைப் பெருந்திரைப்படமாக்கினார். அவ்வியந்திரமனிதர்க்கு ‘மாறுவேடத்தினர்’ என்பதே தொடக்கமுதல் வழங்கிவரும் அடைமொழி. அவ்வடைமொழிக்கு அவர் எவ்வளவு தகுதியுடையர் என்பதே ஆராயத்தக்கது.

பம்பிள்பீ என்னும் மஞ்சள்நிற வீரனை முதலில் எடுத்துக்கொள்வோம். 1984ஆம் ஆண்டில் அவன் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்னும் சிறு காராக இருந்தான். வண்டினைப்போல முதுகு வளைந்த அக்கார், உலகெங்கும் 2 கோடியே 10 இலட்சத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்டு, 2003ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டில் இறுதி வண்டியோடு நின்றது. அத்துணை மிகுதியாய் ஓடிய வண்டியை யார் திரும்பிப் பார்ப்பர்? ஒளிந்து வாழ்வானுக்கு அதனினும் ஏற்ற உருவம் இல்லை. ஆயின் 2007ஆம் ஆண்டுப் படத்தில் அவனுக்குச் செவ்ரோலெ கமாரோ என்னும் விரைவுக்கார் உருவம் தரப்பட்டது. பீட்டில் கார், 1968ஆம் ஆண்டு வெளிவந்த வேறொரு படத்தில் நடித்த ஹெர்பி என்னும் காரை நினைவூட்டும் என்பது இயக்குநர் கூறிய காரணம். தொடக்கத்தில் அவன் வண்ணம் மங்கிய பழைய கமாரோவாகவே வருகின்றான், அதுவரை குற்றமில்லை. தன்னை ஒரு பெண் பழைய வண்டியென்று இகழ்ந்தவுடன், வீதியிற் சென்ற புத்தம்புதிய கமாரோவைப் பார்த்து அவ்வுருவெடுத்துத் திரும்புகின்றான். ஒளிந்து வாழ்வானுக்கு அழகின்மேல் ஆசை பிறந்தால் கேடுதான். இஃது உண்மையிற் பொன்மான் வேடமே. பொம்மையையும் காரையும் விற்பார்க்கு அது நலந்தந்திருக்கலாம், ஒளிவார்க்கு நலந்தாராது. அப்படத்திலேயே பழைய வண்டிகள் விற்குமிடத்தில் ஒரு மஞ்சட் பீட்டில் நிற்க, பம்பிள்பீ தன் கதவை வீசித் திறந்து அதனை நசுக்குவான். தன் பழைய நல்வேடத்தைத் தானே இடித்த காட்சி என்று அதனைக் கூறலாம். 2018ஆம் ஆண்டில் டிராவிஸ் நைட் என்பார் இயக்கிய ‘பம்பிள்பீ’ படத்தில் அவன் மீண்டும் பீட்டிலானான். பழைய இரும்புக் கிடங்கொன்றில் தூசு படிந்து கிடக்கும் அவனை ஒரு சிறுபெண் கண்டெடுத்து வீட்டிற்குக் கொண்டுபோகின்றாள். கிபியோனியர் கண்டால் மெச்சியிருப்பர்.

தலைவனாகிய ஆப்டிமஸ் பிரைம் செய்தி வேறு. 1984ஆம் ஆண்டில் அவன் தட்டைமுக லாரி. இயந்திரத்தின்மேல் ஓட்டுநர் அறை அமர்ந்த வகை. 2007ஆம் ஆண்டில் அவன் பீட்டர்பில்ட் 379 என்னும் நீண்ட மூக்குடைய லாரியானான். உருமாறும்போது எடையும் பருமனும் குறைதலும் கூடுதலும் ஆகா என்று படமெடுத்தோர் ஒரு விதி வகுத்துக்கொண்டமையின், பெரிய உருவத்திற்குப் போதிய இரும்பு தட்டைமுக லாரியில் இல்லையென்று கருதினர். இம்மாற்றத்தைக் குறைகூறுவோர் உளர். யான் அவரோடு உடன்படேன். அமெரிக்க நாட்டில் லாரியின் மொத்த நீளத்தைக் கட்டுப்படுத்திய விதிகள் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்ந்தன; அதன்பின் மூக்கைச் சுருக்கிச் சரக்குக்கு இடம்விட வேண்டிய தேவை குறைந்தது; தட்டைமுக லாரிகள் அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் வரவர அருகின. ஆதலின் 2007ஆம் ஆண்டில் அங்கு நீண்ட மூக்கே இயல்பான முகம். அதே லாரி நம் கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் வந்து நிற்குமாயின், ஐந்து நிமிடத்தில் ஐம்பதின்மர் கூடிப் படமெடுப்பர். வேடத்தின் தகுதி வேடத்தில் மட்டும் இல்லை. அது நிற்கும் ஊரிலும் உளது என்பது இதனால் விளங்கும்.

அப்படத்தின் பகைக்கட்சியில் பேரிகேட் என்பவன் போலீஸ் காராக வருகின்றான். வேடத்தால் நோக்குங்கால் படம் முழுவதிலும் நுட்பம் மிகுந்தவன் அவனே. போலீஸ் வண்டியை யாரும் நெருங்கி உற்றுநோக்கார். அதன் பக்கத்தில், காப்பதும் தொண்டுசெய்வதும் எம் கடன் என்று வழக்கமாய் எழுதியிருக்கும் இடத்தில், தண்டிப்பதும் அடிமைப்படுத்துவதும் என்று மாற்றி எழுதப்பட்டுளது. படத்தில் அதனைப் படித்து நிற்பார் எவருமிலர். நாடோறும் காணும் எழுத்தை மனிதர் படிப்பதில்லை என்னும் உண்மையை அப்பகைவன் அறிந்துவைத்திருக்கின்றான்.

நம் தமிழ்த்திரையிலும் இயந்திரமனிதன் வந்துளன். 2010ஆம் ஆண்டில் ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ படத்தின் இறுதியில், சிட்டியின் படைகள் ஒன்றுகூடி உருண்டையாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் ஆவதைக் கண்டோம். ஆயினும் அவை மறைதற்கு எடுத்த உருவங்களல்ல. மருட்டுதற்கு எடுத்த உருவங்கள். எனவே அவை நம் ஆராய்ச்சிக்குள் அடங்கா.

இவ்வாராய்ச்சியில் யான் புகுந்தமைக்கு என் இளவல் காரணன். பத்து வயதுள்ள அவன், பீட்டில் படத்தைப் பார்த்து முடித்தபின், “அண்ணா, இவர்கள் ஏன் நம்மூருக்கு வருவதில்லை? வந்தால் என்ன வண்டியாக நிற்பார்கள்?” என்று வினவினான். முதல் வினாவிற்கு விடை எளிது: படமெடுப்போர் கும்மிடிப்பூண்டியை அறியார். இரண்டாம் வினாவிற்கு விடை எளிதாயில்லை. எங்கள் ஊர் அத்தொழிற்பேட்டைக்கு அணித்தாகலின், விடுமுறை நாட்களில் இருவரும் நெடுஞ்சாலையோரத்தில் நின்று ஒவ்வொரு வண்டியாய் ஆராயத் தலைப்பட்டோம். ஐயுறா ஊர்திக்கு நான்கு இலக்கணம் வகுத்துக்கொண்டோம். அவ்வூரில் அதற்கு வேலை இருத்தல் வேண்டும். உருவெடுத்தற்குப் போதிய பருமன் வேண்டும். வேலையின்றி நெடுநேரம் நிற்பினும் வினவுவார் இலராதல் வேண்டும். பிறர் ஏறவோ திறக்கவோ வேண்டாததாதல் வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் வண்டிகளுக்குக் குறைவில்லை. வண்டிசெய்யும் தொழிலும் இப்பகுதிக்குப் பழகியதே. 1948ஆம் ஆண்டில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிவந்து, 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் எனப் பெயர்மாறி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பெயர்பெற்றது. ஆவடியில் படைத்துறைக்குரிய டாங்கிகள் செய்யப்படுகின்றன. தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் நிறுவனம் லாரிகளுக்குரிய டயர்கள் செய்கின்றது. திருவள்ளூரை அடுத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998ஆம் ஆண்டு முதல் மிட்சுபிஷி லான்சர் கார்களைச் செய்துவந்தது. தம் மண்ணிற் பிறந்த கார் என்பதால் லான்சரையே முதலில் எண்ணினோம். ஆயின் அது செய்யப்படுவது நின்று ஆண்டுகள் பல ஆயின. இன்று ஒன்று வருமாயின் பழைய கார்களில் விருப்புடையோர் திரும்பிப் பார்க்கின்றனர். 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாசடரின் கதியும் அதுவே. ஒருகாலத்தில் நம் நாட்டில் அதனினும் இயல்பான கார் வேறில்லை. இன்றோ திருமண ஊர்வலத்தில் மாலையிட்டு அழைத்துவருகின்றனர். இயல்பாயிருத்தற்கும் ஒரு காலம் உண்டு. காலங்கடந்த வேடம் தானே காட்சிப்பொருளாகிவிடும்.

இளவல் அடுத்து ஆட்டோவைச் சுட்டினான். பம்பிள்பீயின் மஞ்சள் நிறமும் நம் ஆட்டோவின் மஞ்சள் நிறமும் ஒத்தலின் அவனுக்கு அதில் பற்று மிகுதி. ஆயின் ஆட்டோவின் எடை 500 கிலோவை எட்டாது. எடை மாறலாகாது என்னும் விதிப்படி அதனின்றும் எழும் வீரன் ஓர் எருமைக்கடா அளவே இருப்பான். அன்றியும் ஆட்டோ சும்மா நிற்க இயலாது, நின்றால் உடனே ஒருவர் ஏறி அமர்ந்து, “ஸ்டேஷனுக்கு எவ்வளவு?” என்பார். ஷேர் ஆட்டோவாயின் பதின்மர் ஏறுவர். தொழிலாளரை ஏற்றிச்செல்லும் வேன்களும் பஸ்களும் இக்காரணத்தாலேயே ஆகா. தண்ணீர் லாரியைப் பற்றியும் எண்ணினோம். பருமன் உண்டு, வேலையும் உண்டு. ஆயின் கோடைக்காலத்தில் அதனை எதிர்நோக்கிக் குடங்களோடு நிற்கும் கண்கள் எத்தனை! ஊரார் இத்துணை ஆவலோடு காத்திருக்கும் ஊர்தியில் ஒளிந்திருத்தல் இயலாது.

பின்னர் ஜே.சி.பி. என்னும் மண்ணகழ் இயந்திரத்திற்கு வந்தோம். இது 7 டன்னுக்கு மேற்பட்ட எடையுடையது. கையும் உண்டு, வாயும் உண்டு. பாதி இயந்திரமனிதனாகவே பிறந்தது எனலாம். 1985ஆம் ஆண்டிலேயே ஆறு கட்டுமான இயந்திரங்கள் ஒன்றுகூடி ஒரு பேருருவாகும் பொம்மை அக்கதையில் வந்துளது. மேலும், திருவள்ளூரை அடுத்துள்ள கேட்டர்பில்லர் தொழிற்சாலையில் இவ்வகை இயந்திரங்கள் செய்யப்படுகின்றன. வியப்பு யாதெனின், அங்குச் செய்து வெளிவரும் இயந்திரத்தையும் நம்மவர் ஜே.சி.பி. என்றே அழைக்கின்றனர், அஃது இன்னொரு நிறுவனத்தின் பெயர் என்பதை நினைவார் இலர். தன் பெயரையே பிறர் அறியாத பொருள் மாறுவேடத்திற்கு மிகவும் ஏற்றதன்றோ? யானும் அதனையே முடிவாகக் கொள்ளவிருந்தேன். ஆயின் இளவல் தடுத்தான். ஜே.சி.பி. மண் தோண்டத் தொடங்கியவுடன் சிறுவரும் பெரியோரும் வேலையை விட்டுக் கூடிநின்று பார்ப்பதை அவன் எடுத்துக்காட்டினான். 2019ஆம் ஆண்டில் அப்பழக்கத்தை நாடு முழுவதும் எள்ளி நகையாடியதும் நினைவுக்கு வந்தது. சும்மா நிற்கும் வரையிற்றான் அதற்கு மறைவு. கையை அசைத்தால் அவை கூடிவிடும். ஆதலின் அதுவும் தள்ளுண்டது.

இறுதியில் எஞ்சியது தட்டைமுக லாரி. அதிலும் நீண்ட டிரெய்லர் பூட்டிய வகை. அமெரிக்கப் படத்தில் தள்ளப்பட்ட அம்முகமே ஈண்டு தலைசிறந்ததாயிற்று. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் பெருஞ்சாலை செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை வழியாய்க் கும்மிடிப்பூண்டியை அடைந்து, ஆரம்பாக்கத்தைக் கடந்து ஆந்திர எல்லை புகுகின்றது. அச்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓயா. கிழக்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் உள்ள துறைமுகங்களுக்குப் பெட்டகம் ஏற்றிய வண்டிகள் வரிசையாய்ச் செல்கின்றன. தொழிற்பேட்டையிலோ இரும்புருக்கும் ஆலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் பல. அவற்றின் வாயில்களில் சரக்கேற்றுதற்கும் இறக்குதற்கும் முறைவருமளவும் லாரிகள் ஒருநாள், இருநாள், சிலபோது அதற்கு மேலும் காத்து நிற்கும். ஏன் நிற்கின்றாய் என்று கேட்பார் இலர். எண்பலகையில் ஆந்திரமோ ஒடிசாவோ வங்கமோ நாகாலாந்தோ இருக்கலாம். அயல்மாநில வண்டி என்று ஐயுறுவாரும் இலர். நான்கு இலக்கணமும் ஒருங்கே அமைந்த ஊர்தி இதுவே என்று துணிந்தோம்.

துணிந்தபின் ஓர் இடர் தோன்றிற்று. படத்தில் இயந்திரமனிதன் வழியிற் செல்லும் வண்டியொன்றின்மேல் ஒளியைப் பாய்ச்சி அதன் உருவை அவ்வாறே படியெடுக்கின்றான். அமெரிக்க லாரி தொழிற்சாலையினின்றும் முழுவடிவோடு வருவது. ஒன்றைப் படியெடுத்தால் ஆயிரத்துள் ஒன்றாய்க் கலந்துவிடலாம். நம் நாட்டிலோ நெடுங்காலமாகத் தொழிற்சாலை சட்டத்தையும் இயந்திரத்தையும் தரும். உடலை நாமக்கல், திருச்செங்கோடு முதலிய ஊர்களில் தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் கட்டித் தருவர். இப்பொழுது ஆலையிற் கட்டிய அறைகள் மிகுந்துவரினும், வண்டியைத் தனதாக்கும் வழக்கம் ஒழியவில்லை. நெற்றியில் இறைவன் பெயர். பக்கத்தில் பிள்ளைகளின் பெயர்கள். கடன் தந்த நிதிநிறுவனத்தின் பெயர். முன்னே எலுமிச்சையும் மிளகாயும். பின்னே கண்ணேறு கழிக்கும் அரக்கன் முகம். கண்ணாடியில் சிலுவையோ வேலோ பிறையோ. இவ்வண்டியைப் படியெடுத்தால் மற்றொருவனுடைய பிள்ளைகளையும் தெய்வத்தையும் கடனையும் சேர்த்தே படியெடுக்க நேரும். ஒரே எண்ணும் ஒரே பிள்ளைகளின் பெயரும் உடைய இரு லாரிகள் சுங்கச்சாவடியில் எதிர்ப்பட்டால் என்னாகும்! எனவே நம்மூரில் ஒளியவரும் இயந்திரமனிதன் படியெடுத்தல் போதாது. ஒரு வாழ்க்கையையே புனைந்துகொள்ளல் வேண்டும். தனக்கென ஊரும், கடனும், இரண்டு பிள்ளைகளின் பெயரும் அவன் தேடிக்கொள்வானாக.

மற்றோர் இடர் உயிரையே தொடுவது. பீட்டில் வடிவினன் பழைய இரும்புக் கிடங்கில் அச்சமின்றிக் கிடந்தான். கும்மிடிப்பூண்டியில் அங்ஙனம் கிடத்தல் ஆகாது. ஈண்டுப் பழைய இரும்பு காத்திருப்பது காட்சிக்கன்று, உலைக்கு. உடைந்த வண்டிகளும் தகடுகளும் வெட்டப்பட்டு மின்னுலையில் 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகி, பாளமாய் வார்க்கப்பட்டு, உருளைகளினிடையே இழுபட்டு முறுக்குக்கம்பியாய் வெளிவருகின்றன. அக்கம்பிகள் லாரியேறி வீடுகளுக்கும் பாலங்களுக்கும் செல்கின்றன. நம் வீட்டுத் தூணுள் எவ்வூர் வண்டி நிற்கின்றதோ அறியோம்! உருமாறும் வண்டிகளைக் காண அமெரிக்கப் படம் வேண்டுவதில்லை; நம் தொழிற்பேட்டையில் அது நாடோறும் நடக்கும் தொழில். வேடம் சற்றுப் பழையதாயிருத்தல் நன்று. மிகப் பழையதாயின் வேடத்தோடு வேடதாரியும் உருகிப்போவான்.

இனி, யாவற்றினும் பெரிய வினா ஓட்டுநரைப் பற்றியது. இயந்திரமனிதனாகிய லாரிக்கு ஓட்டுநன் வேண்டுவதில்லை. ஆயின் ஓட்டுநன் இல்லாத லாரி ஓடினால் ஊர் நடுங்கும். படத்தில் இதற்கு மீசைவைத்த மாயத்தோற்றம் ஒன்றை இருக்கையில் அமர்த்திச் சமாளித்தனர். நம்மூரில் ஓட்டுநன் எவ்வாறு தோன்றுதல் வேண்டும் என்று என் சிறிய தந்தையாரை வினவினேன். அவர் பல்லாண்டுகளாக டிரெய்லர் ஓட்டுபவர். சிரித்துவிட்டு அவர் கூறியது இது: “அதைப்பற்றிக் கவலையே வேண்டாம் தம்பி. ஆலை வாயிலில் மூன்று நாள் நின்றேன். முறை வந்ததும் வண்டி நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனேன். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பேரையும் யாரும் கேட்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் யாரை வைத்தாலும் ஒன்றுதான்.”

அவர் வருந்திக் கூறினாரல்லர். தொழிலின் இயல்பைக் கூறுவார்போலக் கூறினார். எனக்கோ அதன்பின் திரைப்படத்தைப் பற்றிய எண்ணம் அகன்றது. வண்டிக்குள் ஒருவன் மறைந்திருக்கின்றான், அவனைப் புறத்தார் அறியார் என்னும் கதையை யாம் வேற்றுலகக் கதை என்று எண்ணிக் கண்டோம். அது நம் சாலையோரத்திலேயே நடந்துகொண்டிருக்கின்றது. டிரெய்லரின் அடியில் தூளி கட்டி நண்பகலில் உறங்குபவனை யாம் பலகாற் கண்டிருக்கின்றோம். பெட்டியைத் திறந்து அடுப்பை எடுத்துச் சக்கரத்தின் மறைவில் சோறு சமைப்பவனையும் கண்டிருக்கின்றோம். அவன் ஒடிசாவிலோ உத்தரப்பிரதேசத்திலோ பிறந்தவனாயின் நம் மொழியறியான். யாமும் அவன் மொழியறியோம். நம் கண் லாரியைக் கடந்துசெல்லும்போது அவனையும் கடந்துசெல்கின்றது. யாம் தேடிய ஐயுறா ஊர்தி ஏன் ஐயுறாததாயிற்று என்று உசாவினால், அதனை ஓட்டுபவன் யார் என்று கேட்க யாம் ஒருநாளும் நினைத்ததில்லை என்பதே விடை. ஒற்றனுக்கு அஃது ஊதியம்; மனிதனுக்கு அஃது இழப்பு. காணப்படாமை உயிரிழப்பாகவும் முடிவதுண்டு: விளக்கின்றி இருளில் நிற்கும் லாரியைக் காணாது இருசக்கர வண்டியில் வந்து மோதி மாண்டோரைப் பற்றிச் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கின்றோம்.

எம்மாவூருக்கு நடந்த சீடர் இருவர், உடன் நடந்தவர் இன்னாரென்று வழிநெடுக அறிந்திலர். மாலைப்பொழுதில் அவரை வீட்டிற்கு வருந்தியழைத்து உடனிருந்து உண்டபோதே அறிந்தனர். வழியில் உடன்வரும் அயலானை அறிதற்கு வேறு குறுக்குவழி இல்லை போலும். சிறிய தந்தையார் ஒருமுறை நெடுஞ்சாலையில் டயர் வெடித்து நின்றபோது, மொழியறியாத வடநாட்டு ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை நிறுத்தி உதவிசெய்து, தம் அடுப்பிற் சுட்ட ரொட்டியில் பாதியும் தந்தாராம். இன்றளவும் அவர் பெயரைச் சொல்லியே எங்கள் வீட்டில் பேசுகின்றனர். அவருடைய வண்டியின் எண்ணோ யார்க்கும் நினைவில்லை.

கதையெழுதும் விருப்புடைய என் தோழர்க்கு ஒரு சொல். நம்மூர் வண்டிகளைக்கொண்டு இயந்திரமனிதர் கதையொன்று எழுதுவீராயின், நூலகத்தில் அமர்ந்து வண்டியைத் தெரிந்தெடாதீர். ஒருநாள் முழுதும் கும்மிடிப்பூண்டிச் சாலையோரத்தில் நில்லுங்கள். எவ்வண்டி எங்கே நிற்கும், எதன்பொருட்டு நிற்கும், எப்பகுதியில் முதலில் துருப்பிடிக்கும், யார் அதன் நிழலில் உண்பர் என்பனவற்றை அறிந்து எழுதுங்கள். அப்பொழுது உங்கள் கதையை இவ்வூரார் நம்புவர்.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுள் சிலர் இத்தகைய தொழிற்சாலைகளில் அலுவல் பார்த்தல் கூடும். வண்டிகளை உள்ளே அழைக்கும் பொறுப்பு உங்கள் கையிலோ உங்கள் கீழுள்ளார் கையிலோ இருத்தலும் கூடும். வாயிற்பதிவேட்டில் வண்டியின் எண்ணுக்கு அருகே ஓட்டுநரின் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கும். முறை வரும்போது அக்கட்டத்தையும் பார்த்து, எண்ணோடு பெயரையும் சேர்த்து அழைக்கச் செய்யுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அரை நொடியே மிகுதியாகும். மூன்று நாள் வெயிலில் காத்து நின்றவன் தன் பெயரைக் கேட்டுத் தூளியினின்றும் எழுவான்.